இருட்டு நாளிலும் வெளியே போகச் சொல்லுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, நோர்வேயில் மழை பெய்தாலும் பிள்ளைகளை வெளியில் விளையாட விடுவார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இம்முறை நிறையக் கடிதங்கள். வடக்கு நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, பிறகு ஒஸ்லோவில் இருந்து, இப்போது மட்டக்களப்போடு வந்து சேர்ந்தவள் என்பதால் ஆசையாகவே பதில் எழுதுகிறேன்.

மகன் வடக்கு நோர்வேயில் உள்ள ட்ரொம்சோ நகரில் படிக்கிறான். நவம்பர் முடிந்ததில் இருந்து போனில் அவன் குரலே சரியில்லை. "வெளியில் ஒரே இருட்டு, அறைக்குள்ளேதான் கிடக்கிறேன்" என்கிறான். அந்த ஊர் ஆட்கள் இந்த இருட்டில் எப்படித்தான் சந்தோசமாக இருக்கிறார்கள்?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அக்கா, அவன் சொல்வது உண்மை. ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியில் இருந்து சனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, மத்தியானத்தில் சில மணி நேரம் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம், பிறகு திரும்பவும் இரவு. வருசம் முழுக்க ஆறு மணி அளவில் விடிந்து ஆறு மணி அளவில் பொழுதுபடுகிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது உடம்பையே குழப்பிவிடும். நித்திரை பிழைக்கும், சாப்பாடு பிழைக்கும், ஒருவரோடும் கதைக்க மனம் வராது.

அங்கேயே பிறந்தவர்களுக்கும் இது லேசு இல்லை. ஆனால் அந்த மங்கல் வெளிச்சம் இருக்கிற நேரத்தில் அவர்கள் எப்படியாவது வெளியே போய்விடுவார்கள். எங்கள் பிள்ளைகள் செய்யாமல் விடுவது இதைத்தான். பின்னேரம் வேலை முடிந்தாலும் சும்மா இருக்கமாட்டார்கள். ஊர் ஓரத்துக் காடுகளுக்குள் மின்விளக்குப் போட்ட பனிச்சறுக்குப் பாதைகள் இருக்கின்றன, தாய் தகப்பன், பிள்ளைகள், நாய் என்று எல்லாரும் அதில் போவார்கள், சறுக்கத் தெரியாதவர்கள் ஓரமாக நடப்பார்கள். காசு கேட்பதில்லை. திரும்பி வந்து மெழுகுதிரி கொளுத்திவைத்து, கோப்பியும் வாஃபிளும் சாப்பிட்டுக்கொண்டு கதைத்திருப்பார்கள். டிசம்பரில் எல்லா வீட்டு யன்னலிலும் ஒரு விளக்கு இருக்கும். இருட்டுத் தெருவில் நடந்து போகிறவருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் மீன் எண்ணெய். கொட் மீனின் ஈரலில் இருந்து எடுப்பது. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி குடிப்பது அங்கே பழைய பழக்கம். வெயில் இல்லாத காலத்தில் விட்டமின் டி அதில் இருந்துதான் கிடைக்கிறது. எங்களைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அந்த நாட்டு வெயிலில் அது இன்னும் குறைவாகவே ஊறும், அதனால் மகன் கட்டாயம் எடுக்கவேண்டும். மணம் பிடிக்காவிட்டால் குளிசையாகவும் இருக்கிறது.

சனவரி 21 அளவில் மலைகளுக்கு மேலாகச் சூரியன் தலைகாட்டும். அன்றைக்கு நகரம் முழுக்க ஜாம் வைத்த இனிப்புப் பணிஸ் விற்கும், பள்ளிப் பிள்ளைகள் வெளியே வந்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமையில் அங்கே அவர்களுக்கு வருகிற சூரியப் பொங்கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் அவன் அறைக்குள் இருக்கக்கூடாது.

இனிப் போன் எடுத்தால் "சாப்பிட்டியா மகன்" என்பதோடு நிறுத்தாமல் "இண்டைக்கு மத்தியானம் வெளியே போனியா, ஆரோடு போனாய்" என்றும் கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் விளையாட்டுச் சங்கம் இருக்கும், மலை ஏறுகிற ஆட்கள் இருப்பார்கள், ஒன்றில் சேரச் சொல்லுங்கள். கிழமைக்கணக்கில் நித்திரையும் இல்லை, வகுப்புக்கும் போவதில்லை என்றால் மட்டும் காத்திருக்கவேண்டாம், மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். இருட்டால் மனம் சோர்வது அங்கே எல்லா மருத்துவருக்கும் தெரிந்த விசயம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அங்கே யாருடைய காட்டுக்குள்ளும் போய்ப் பழம் பிடுங்கலாம், கூடாரம் அடிக்கலாம், ஒருவரும் ஏசமாட்டார்கள் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
இளைஞர் ஒருவர், அக்கரைப்பற்று

உண்மை, தம்பி. 1957இல் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பயிர் செய்யாத நிலம், காடு, மலை, கடற்கரை எல்லாவற்றிலும் எவரும் நடக்கலாம், நிலம் தனியாருடையது என்றாலும்கூட. ஆள் இருக்கிற வீட்டில் இருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு வரை தங்கலாம். வயலுக்குள் மட்டும் இறங்கக்கூடாது, அதுவும் குளிர்காலத்தில் நிலம் உறைந்தோ பனி மூடியோ இருந்தால் கடந்து போகலாம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டியும் நெருப்பு மூட்டத் தடை.

யூலை கடைசியில் இருந்து காட்டுப் புளூபெரி பழுக்கத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வாளியோடு குடும்பம் குடும்பமாகப் போவார்கள், பிள்ளைகளின் வாயும் விரலும் நீலமாகிவிடும், பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். செப்டம்பரில் சிவப்பு லிங்கன்பெரி, அதை இறைச்சிக் கறியோடு சாப்பிடுவார்கள். சதுப்பு நிலத்தில் விளைகிற மஞ்சள் முல்தேப் பழம்தான் எல்லாவற்றிலும் அருமை. அது விளைகிற இடத்தை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லமாட்டார்கள்! வடக்கு மாகாணங்களில் அந்தப் பழத்துக்கு மட்டும் நில உரிமையாளர் தடை போடலாம், அப்படித் தடை இருந்தாலும் அந்த இடத்திலேயே நின்று தின்பதைத் தடுக்க முடியாது.

காளான் விசயத்தில் கவனம். சாப்பிட்டால் உயிர் போகிற வெள்ளைக் காளான் அந்தக் காடுகளில் இருக்கிறது, ஆசிய நாடுகளில் பழகிய காளான் என்று நினைத்து ஏமாறக்கூடாது. அறுவடைக் காலத்தில் வார இறுதிகளில் காளான் தெரிந்த ஆட்கள் காட்டுப்பாதை முடிவுகளில் மேசை போட்டு இருப்பார்கள், கூடையைக் காட்டினால் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருவார்கள், இலவசமாக. தெரியாத ஊரில் இப்படி ஒரு ஆள் நமக்காக உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. உங்கள் பக்கத்துக் காட்டில் யானைப் பயம் இருப்பதால் இதையெல்லாம் அப்படியே இங்கே செய்யச் சொல்லமாட்டேன்.

நான் வாவியிலும் கடலிலும் தொழில் செய்கிறவன். அங்கே ஆட்கள் பொழுதுபோக்குக்காகவே மீன் பிடிப்பார்களாமே, அதில் என்ன இன்பம்?
மீனவர், வாழைச்சேனை

அண்ணன், உங்களுக்கு அது தொழில், அலையும் காற்றும் பார்த்து உயிரைப் பணயம் வைத்துச் செய்வது. அவர்களுக்கு அது கோப்பிப் போத்தலோடு பாறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பின்னேரம். கடலில் தூண்டில் போட அனுமதிப் பத்திரம் தேவையில்லை, காசும் இல்லை. ஆறு, ஏரி என்றால் மீன்பிடி அனுமதி அட்டை வாங்கவேண்டும். கோடையில் கரையில் நின்றே கும்பளா இனத்து மீன் பிடிக்கலாம். அதற்காகக் கண்டபடி பிடிக்கவும் முடியாது, மீனுக்கு மீன் ஆகக்குறைந்த அளவு உண்டு, ஒஸ்லோக் கடலேரியில் கொட் மீன் அருகிப்போனதால் அதைப் பிடிக்கவே தடை. இந்த விதியை ஆட்கள் மதிக்கிறார்கள். எங்கள் வாவியில் சின்னக் கண் வலையால் குஞ்சு மீனையும் வாரி எடுப்பதைப் பார்க்கிறபோது எனக்கு மனம் பொறுப்பதில்லை, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அங்கே கோடை விடுமுறையில் இறங்குதுறை எல்லாவற்றிலும் சிறுவர்கள் குப்புறப் படுத்துக்கிடப்பார்கள். நூலில் உடுப்புக் கவ்வி ஒன்றைக் கட்டி, அதில் உடைத்த மட்டிச் சதையைக் கவ்வவைத்து, தண்ணீருக்குள் இறக்கி நண்டு பிடிப்பார்கள். வாளியில் சேர்த்து, எண்ணிப் பார்த்து, பின்னேரம் திரும்பவும் கடலில் விட்டுவிட்டுப் போவார்கள். வடக்கில் பிள்ளைகள் இன்னும் கெட்டிக்காரர்: குளிர்கால மீன்பிடிக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் துறைமுகத்துக்கு வந்து கொட் மீன் தலைகளில் இருந்து நாக்கை வெட்டி எடுத்து விற்றுக் கைக்காசு சேர்ப்பார்கள். பொரித்த நாக்கு அங்கே விருந்துச் சாப்பாடு. நான் வேலை செய்த தொழிற்சாலைப் பக்கமும் அந்தப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுடைய கத்தி வேகம் எங்கள் யாருக்கும் வரவில்லை.

ஈஸ்டருக்கு அங்கே என்ன விசேசம்?
கல்லடி வாசகி

மலை, தோடம்பழம், சொக்லேற், துப்பறியும் கதை. கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, ஆனால் நாடே மலைக் குடிசைகளுக்குக் கிளம்பிவிடும். பனியில் வெயில் அடிக்கிற பக்கமாகக் குழி வெட்டி உட்கார்ந்து தோடம்பழம் உரித்துச் சாப்பிடுவார்கள். 1937இல் வந்த குவிக் லுன்ஸ் என்ற சொக்லேற் இல்லாத முதுகுப்பை இருக்காது, அதன் உறையிலேயே மலைக்குப் போகிறவர்களுக்கான பாதுகாப்பு விதிகளை அச்சடித்திருக்கிறார்கள். நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது அதில் ஒன்று. ஈஸ்டரில் கொலைக் கதை வாசிக்கிற பழக்கம் 1923இல் வந்த ஒரு புத்தக விளம்பரத்தில் இருந்து தொடங்கியது, இப்போது பால் பெட்டியின் பக்கத்தில்கூடக் குட்டித் துப்பறியும் கதை அச்சடிக்கிறார்கள்.

நான் தையல் படிப்பிக்கிறவள். நோர்வேப் பின்னல் வேலை பற்றிச் சொல்லுங்கள்.
சகோதரி ஒருவர், ஏறாவூர்

இது எனக்குப் பிடித்த கேள்வி. அங்கே பஸ்ஸில், கூட்டத்தில், பல்கலைக்கழக விரிவுரையில்கூடப் பின்னிக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் பிழையாக எடுப்பதில்லை. கறுப்பும் வெள்ளையுமாக எட்டு இதழ்ப் பூப் போட்ட கையுறையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். செல்பு என்ற ஊரில் 1857இல் மாரிட் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் இரண்டு நிற நூலால் அதைப் பின்னினாள், பிறகு அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் பின்னி விற்று அதில் வருமானம் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளையின் கையில் இருந்து ஒரு நாட்டின் அடையாளமே வந்திருக்கிறது சகோதரி, உங்கள் மாணவிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு நூலையும் பின்பக்கம் மாறி மாறிக் கொண்டுபோவதால் துணி இரட்டைத் தடிப்பாகிக் குளிரைத் தாங்குகிறது. 2013இல் பின்னல் வேலையை மட்டும் தொலைக்காட்சியில் இரவிரவாக நேரடியாகக் காட்டினார்கள். அதற்கு முன்னர் 2009இல் பேர்கன் ரயில் பயணத்தை ஏழு மணி நேரம், 2011இல் கரையோரக் கப்பல் பயணத்தை 134 மணி நேரம். நான் கப்பலைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காது, ஆனால் எழும்ப மனம் வராது.

இதெல்லாம் காசு உள்ள நாட்டுக்காரரின் விளையாட்டு. எங்களுக்கு இது எதற்கு?
ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைதீவு

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மலைக் குடிசை வாங்க அங்கேயும் பெரிய காசு வேண்டும், ரயில் விலை, சாப்பாட்டு விலை எல்லாம் அதிகம். ஆனால் மேலே எழுதியவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் நடப்பவை என்பதையும் பாருங்கள். சறுக்குக் கட்டையும் சப்பாத்தும் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு இலவசமாக இரவல் கொடுக்கிற நிலையங்கள் ஊர் ஊராக உண்டு. நூலகம் இலவசம். 1868இல் தொடங்கிய மலையேறுவோர் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் பாதைகளில் கற்களுக்குச் சிவப்பு நிறத்தில் அடையாளம் பூசுவது சம்பளம் இல்லாத தொண்டர்கள்.

எங்கள் ஆட்கள் அங்கே இரண்டு வேலை செய்து வீடு கட்டி, கார் வாங்கி, ஊருக்கும் அனுப்பி, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு தடவையும் காட்டுக்குப் போகாமலே வயதாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தனிமைப்பட்டதற்குக் காசு காரணம் இல்லை. நான் இதை எழுதுவது அவர்களுக்காகத்தான். ஊரில் இருப்பவர்களுக்கு என்றால், முழு நிலவில் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மேல் நுனியில் காது வைத்து மீன் பாடுவதைக் கேட்க முயன்று பார்த்த பிள்ளை உங்கள் தெருவில் யாராவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தோணிக்காரருக்குக் கொடுக்கிற காசு மட்டும்தான் செலவு.

ஓகஸ்டில் படிக்கப் போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?
மாணவி, திருக்கோவில்

மகள், தடித்த கோட்டுக்கு இங்கே காசு கொட்டவேண்டாம், இங்கே விற்பது அந்தக் குளிருக்குக் காணாது. அங்கே போய் உடம்போடு ஒட்டுகிற கம்பளி உள்ளுடுப்பு இரண்டு சோடி முதலில் வாங்குங்கள், பழைய உடுப்புக் கடைகளிலேயே நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். பருத்தி ஈரமானால் உடம்பைக் குளிரவைக்கும், கம்பளி அப்படி இல்லை. மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் ஒஸ்லோத் தமிழ்க் கடைகளில் உண்டு, வேறு நகரம் என்றால் அம்மா இடித்த தூள் ஒரு பொதி கொண்டுபோங்கள். இருட்டுக் காலத்தில் தெருவில் நடக்க ஒளிபட்டால் மினுங்குகிற பட்டி ஒன்றைக் கோட்டில் தொங்கவிடவேண்டும், கடைகளில் சின்ன விலைக்குக் கிடைக்கும். ஓகஸ்டில் போய் இறங்குவதால் புளூபெரிக் காலம் முடிந்திருக்காது. முதல் ஞாயிற்றுக்கிழமையே வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு, வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் எந்தக் காட்டுக்குப் போகலாம் என்று கேளுங்கள்.