புகழ்ச்சியிலும் நிறம் பார்க்கிறார்கள்

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவின் ராலே நகருக்கு வந்த முதல் மார்ச் மாதத்திலேயே அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்து கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. கறுப்பின ஆட்டக்காரர் சிறப்பாக ஆடினால் 'பிறவியிலேயே வாய்த்த உடல்வாகு' என்றும், வெள்ளைக்காரர் அப்படி ஆடினால் 'மூளைக்காரர், உழைப்பாளி' என்றும் வர்ணனையாளர்கள் சொல்வதாகத் தோன்றுகிறதே, இது உண்மையா, புதிதாக வந்தவனின் பிரமையா, இதைப் பற்றி வாய் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிரமை இல்லை. 1997இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்றில், கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றின் வானொலி வர்ணனையை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரைக் கவனிக்கச் சொல்லி, சிலரிடம் அவர் கறுப்பினத்தவர் என்றும் மற்றவர்களிடம் அவர் வெள்ளைக்காரர் என்றும் நம்பவைத்தார்கள். கறுப்பினத்தவர் என்று நம்பியவர்கள் அவருடைய உடல்திறனை உயர்வாக மதிப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் என்று நம்பியவர்களோ, உடல்திறன் குறைவு, ஆனால் ஆட்ட அறிவும் முனைப்பும் அதிகம் என்றார்கள். இரு சாராரும் கேட்டது ஒரே ஒலிநாடாவைத்தான். கேட்பவரின் காதே இப்படி வேலை செய்கிறது என்றால், யோசிக்க நேரமில்லாமல் நொடிக்கு நொடி பேசவேண்டிய வர்ணனையாளரின் நாக்கில் பழைய சொற்கள் தாமாக வந்து விழுவதில் வியப்பில்லை.

பாராட்டுத்தானே, இதில் என்ன கெடுதல் என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கெடுதல் இருக்கிறது. உடம்பு வாய்த்தது என்று ஒருவரைச் சொல்லும்போது, விடியற்காலையில் ஆளில்லாத அரங்கில் அவர் செய்த பயிற்சி முழுவதும் கணக்கில் வராமல் போகிறது. ஆசியர்களான நமக்கு, தைவான் வம்சாவளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜெரமி லின்னின் கதை இன்னும் நெருக்கமானது. பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளி 2006இல் கலிஃபோர்னியா மாநிலப் பட்டம் வென்றபோது அதன் தலைவர் அவர்தான். ஆனாலும் முதல் பிரிவுக் கல்லூரி எதுவும் அவருக்கு விளையாட்டு உதவித்தொகை தர முன்வரவில்லை. ஹார்வர்டில் ஆடி முடித்து 2010இல் வெளியே வந்தபோது தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்பிஏவின் வீரர் தேர்விலும் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. முதல் அடி எடுத்துவைக்கும் வேகத்தில் அவர் முன்னணியில் இருப்பதை ஹூஸ்டன் அணியின் அளவீடுகளே காட்டின என்றும், அவர் ஆசியர் என்பதைத் தவிர அவரைக் குறைத்து மதிப்பிட்டதற்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை என்றும், அந்த அணியின் மேலாளர் டேரில் மோரி பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2012 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸ் அணியில் லின் புகழின் உச்சியில் இருந்தபோது, ஈஎஸ்பிஎன் விளையாட்டு ஊடகத்தின் இணையத்தில் சீனர்களை இழிவுபடுத்தும் சொல்லை வைத்துத் தலைப்பு போட்டதற்காக ஓர் ஊழியரின் வேலை போனது. வசைச்சொல்லுக்குத் தண்டனை உண்டு. 'பார்த்தால் தெரியாத வேகம்' என்று அவரைப் பாராட்டியவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பெண்கள் ஆட்டத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 2007இல் பெரும்பாலும் கறுப்பினத்தவரான ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியினரின் தலைமுடியைக் குறிப்பிட்டு வானொலியில் இழிவாகப் பேசிய தொகுப்பாளர் டான் ஐமஸ் சில நாட்களிலேயே வேலை இழந்தார். 2023இல் நடந்தது அதைவிட நுட்பமானது. அயோவா பல்கலைக்கழக அணியின் வெள்ளைக்கார ஆட்டக்காரர் கேட்லின் கிளார்க், லூயிவில் அணிக்கு எதிரான ஆட்டத்தில், முகத்துக்கு முன்னால் கையை அசைத்து 'உன்னால் என்னைப் பார்க்கவே முடியாது' என்று சைகை காட்டியபோது, அதைப் போட்டி மனப்பான்மை என்று பலரும் ரசித்தார்கள். டல்லாஸில் நடந்த இறுதியாட்டத்தில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி 102-85 என்று வென்ற வேளையில், அந்த அணியின் கறுப்பின ஆட்டக்காரர் ஏஞ்சல் ரீஸ் அதே சைகையைக் கிளார்க்கிடம் காட்டி, வென்றவர்களுக்குக் கிடைக்கும் மோதிரத்தைக் குறிக்கும் விதமாக மோதிர விரலையும் சுட்டிக் காட்டினார். உடனே பண்பற்றவர் என்ற பேச்சு கிளம்பியது. ரீஸை யாரும் குறை சொல்லக்கூடாது என்று கிளார்க்கே சொன்னார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், அதே லூயிசியானா அணியை வில்லிகளாகவும் எதிரணியான கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை நாட்டின் செல்லப் பிள்ளைகளாகவும் சித்தரித்துக் கட்டுரை வெளியிட்டு, எதிர்ப்பு வந்தபின் அந்தச் சொற்களை நீக்கியது; எழுதியவரும் மன்னிப்புக் கேட்டார். சைகையோ ஆட்டமோ இங்கே சிக்கல் இல்லை, யார் செய்தார் என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, வாய் திறப்பது பற்றி. நம் வீட்டு விருந்துகளிலேயே கறுப்பினத்தவரைப் பற்றி இதே 'உடம்பு' பேச்சைப் பேசுகிறார்கள். அங்கே முதலில் பேசுங்கள், ஏனென்றால் அங்கே உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அலுவலகத்தில் 'இந்தியர்கள் கடும் உழைப்பாளிகள்' என்று உங்களையும் புகழ்வார்கள். வேலை மதிப்பீட்டில் ஆண்டுதோறும் அந்த ஒரு சொல்லையே பெற்றுக்கொண்டு, குழுத்தலைமை மட்டும் வேறொருவருக்குப் போவதைப் பார்த்தவன் நான். ஆகவே இது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை.

நண்பரோடு ஆட்டம் பார்க்கும்போது பாடம் நடத்தவேண்டாம். 'பிறவித் திறமை' என்று அவர் சொன்னால், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: தடுப்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து இவர் எதிர்ப்பக்கம் திரும்பினார், தடுப்பவரை மறித்து வழிவிட வந்த சக ஆட்டக்காரருக்காக அரை நொடி காத்திருந்தார் என்று. அவருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், 2023இன் அந்த இரண்டு சைகைகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, அப்போது யார் யார் என்ன எழுதினார்கள் என்பதையும் அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.