ஆர்.என்.ஏ. மாத்திரையும் ஆரஞ்சு மணலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செல்லுக்குள் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. உருவாகிக்கொண்டும் உடைந்துகொண்டும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மூளைக்கு அதற்கான சரக்கு எங்கிருந்து வருகிறது? ஞாபகசக்திக்கு நல்லது என்று, ஆர்.என்.ஏ.வின் கட்டுமானத் துண்டான நியூக்ளியோடைடு அடங்கிய மாத்திரை ஒன்றைப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மகனுக்கு வாங்கலாமா?
க.

அன்புள்ள க.,

மாத்திரை வேண்டாம். இட்லியிலும் ஈரலிலும் இல்லாத நியூக்ளியோடைடா? சாப்பாட்டில் வரும் நியூக்ளியோடைடுகளில் உள்ள அடினின், குவானின் வகையறாவில் பெரும்பகுதியைக் குடல் சுவரே யூரிக் அமிலமாக்கிவிடும். மூளைக்கென்று பெரிதாக மிஞ்சாது.

மூளைக்கே அவற்றைப் புதிதாகச் செய்யத் தெரியும். ரைபோஸ் சர்க்கரையின் மேல் கிளைசின், குளூட்டமின், அஸ்பார்ட்டேட் என்று துண்டு துண்டாக ஒட்டிப் பத்துப் படிகளில் வளையத்தைக் கட்டும். வழியெல்லாம் ஏ.டி.பி. செலவு, அதாவது செல்லின் ஆற்றல் நாணயம். அதனால் பழைய நகையை அழித்துப் புதிது செய்வதைத்தான் அது அதிகம் நம்பியிருக்கிறது. ஆர்.என்.ஏ. உடைந்து உதிரும் குவானினையும், அடினின் வழியில் வரும் ஹைப்போசாந்தினையும் எச்.பி.ஆர்.டி. என்ற நொதி பிடித்து, ஒரே படியில் நியூக்ளியோடைடாக்கிவிடும். ஆர்.என்.ஏ.வின் மற்ற இரண்டு எழுத்துகளான பிரிமிடின் பக்கத்துக்கு, பெரும்பாலும் கல்லீரல் அனுப்பும் யுரிடின் என்ற மூலப்பொருளை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். சரி, அது வேறு கதை.

எச்.பி.ஆர்.டி. மும்முரமாக வேலை செய்வது மூளையில், அதிலும் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பேசல் கேங்லியா என்ற பகுதியில். அது இல்லாவிட்டால்? 1964இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவ மாணவர் மைக்கேல் லெஷ்ஷும் அவருடைய ஆசிரியர் வில்லியம் நைஹனும் விநோதமான நோய் ஒன்று கண்ட இரண்டு சகோதரர்களைப் பற்றி எழுதினார்கள்; அது இன்று லெஷ்-நைஹன் நோய். 1967இல் சீக்மில்லர் குழு காரணத்தைக் கண்டது: இந்த ஒரு நொதி இல்லை. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிக்கப்படுவது ஏறக்குறைய எல்லாமே ஆண் பிள்ளைகள்.

பல வீடுகளில் முதலில் கண்ணில் படுவது குழந்தையின் துணியில் ஆரஞ்சு நிற மணல். மீட்கப்படாத குவானினும் ஹைப்போசாந்தினும் கழிவாகிச் சிறுநீரில் வந்த யூரிக் அமிலப் படிகங்கள். அப்புறம் கைகால் முறுக்கிக்கொள்ளும். பல் முளைத்தபின் பிள்ளை தன் உதட்டையும் விரலையும் கடிக்க ஆரம்பிக்கும். வலி தெரியாமல் இல்லை, கடித்துவிட்டு அலறும். கையைக் கட்டிவைத்தால் அமைதியாகிவிடும், அவிழ்க்கப்போனால் பயந்து அழும். கட்டச் சொல்லிக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கழிவு சேர்வதுதான் கோளாறு என்றால் மருந்து எளிது. அலோபூரினால் கொடுத்தால் யூரிக் அமிலம் குறைகிறது, சிறுநீரகம் தப்பிக்கிறது. கடிப்பது மட்டும் நிற்பதில்லை. பேசல் கேங்லியாவில், நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் குறைந்தே கிடக்கிறது.