கார்னர் என்றாலே கோல்தானா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழை விட்டு மைதானங்கள் காய்ந்ததும் கடலூரிலும் புதுச்சேரியிலும் கால்பந்து டோர்னமென்ட்கள் தொடங்கிவிட்டன. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கார்னர் (மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் பந்து), ஃப்ரீ கிக், கடைசி நேரத்தில் கோச் எடுக்கும் முடிவு ஆகியவற்றைப் பற்றித்தான். அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எங்கள் பையன்கள் எல்லாரும் குள்ளம். எதிரணிக்கு கார்னர் கிடைத்தாலே கோல் விழுந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் பிடிக்கச் சொல்வதா, இடத்தைக் காக்கச் சொல்வதா?
*உடற்கல்வி ஆசிரியர், மஞ்சக்குப்பம்*

சார், உயரத்தைவிட ஓட்டம்தான் ஆபத்து. நின்ற இடத்திலேயே எம்புகிறவனைவிட ஓடிவந்து எம்புகிறவன் மேலே போவான். 2010 உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்பெயின் ஜெர்மனியை 1-0 என வென்றது. அந்த ஒரே கோல் 73வது நிமிடத்தில் சாவி போட்ட கார்னரில் புயோல் தலையால் முட்டியது. புயோலின் உயரம் 178 செ.மீ.தான். எதிரே 198 செ.மீ. உயரமுள்ள மெர்டெசாக்கர் இருந்தார். புயோல் தூரத்திலிருந்து வேகமாக ஓடிவந்தார், வழியில் அவரை யாரும் மறிக்கவில்லை. அவ்வளவுதான்.

எனவே உங்கள் பையன்கள் பந்தைத் தலையால் வெல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். எதிரியின் ஓட்டத்தை உடைத்தால் போதும். நான் சொல்லிக்கொடுப்பது இரண்டும் கலந்த முறை. தலையால் நன்றாக ஆடும் நான்கு பேர் கோலுக்கு முன்னால் உள்ள சின்ன பாக்ஸின் கோட்டில் இடத்தைக் காக்கட்டும், அதில் ஒருவன் நியர் போஸ்ட்டுக்கு (கார்னர் அடிக்கும் பக்கத்துப் போஸ்ட்) சற்று முன்னால். இன்னும் நான்கு பேர் எதிரணியின் நல்ல ஹெட்டர்களின் ஓடுபாதையில் குறுக்கே நிற்கட்டும். இவர்கள் எம்பக்கூட வேண்டாம், அவன் முழு வேகத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் சட்டையைப் பிடித்து இழுத்தால் பெனால்டி, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒருவன் பாக்ஸுக்கு வெளியே, தெறித்து வரும் பந்துக்கு. இன்னொருவன் நடுக்கோட்டில். அவன் அங்கே நின்றால் எதிரணியும் இரண்டு பேரைப் பின்னால் வைத்தாக வேண்டும். உங்கள் பாக்ஸில் அந்த அளவுக்குக் கூட்டம் குறையும்.

இன்னொன்றும் பாருங்கள். அடுத்த மேட்ச்சில் நீங்கள் கொடுக்கும் கார்னர்களில் எத்தனை அவசியமில்லாமல் கொடுத்தவை என்று எண்ணுங்கள். பின்னால் ஆள் வருகிறானா என்று திரும்பிப் பார்க்காமல், பதற்றத்தில் கோல் லைனுக்கு வெளியே அடித்துவிடுகிற பந்துகள் நிறைய இருக்கும். சைட் லைன் பக்கம் அடித்திருந்தால் வெறும் த்ரோ இன்னோடு போயிருக்கும்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் கோச் சென்டர் பேக்கை (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) வெளியே எடுத்தார். அடுத்தடுத்து இரண்டு கார்னர், இரண்டு கோல், தோற்றுவிட்டோம். தப்பு கோச்சுடையதுதானே?
*கல்லூரி அணி கேப்டன், லாஸ்பேட்டை*

தம்பி, உன் கேள்வியைப் படித்ததும் 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிதான் நினைவுக்கு வந்தது. பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானம். பேயர்ன் மியூனிக் ஆறாவது நிமிடத்திலேயே பாஸ்லரின் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டுவிட்டது. பிறகும் ஷோலின் ஷாட் போஸ்ட்டில் பட்டது, யாங்கரின் ஷாட் கிராஸ் பாரில் பட்டது. 80வது நிமிடத்தில் பின்வரிசையில் ஸ்வீப்பராக ஆடிய மத்தேயஸை எடுத்துவிட்டு ஃபிங்க்கை இறக்கினார்கள். 90 நிமிடம் முடிந்து ரெஃபரி சேர்த்துக் கொடுத்த நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஒரு கார்னர், பெக்கம் அடித்தார். அவர்களின் கோல்கீப்பர் ஷ்மைக்கேலே முன்னால் வந்துவிட்டார். பந்தை வெளியே அடிக்கப் போன ஃபிங்க்குக்குச் சரியாகப் படவில்லை. அது கிக்ஸிடம் போய், அவர் அடித்ததை ஷெரிங்கம் உள்ளே தள்ளினார். சற்று நேரத்தில் மறுபடி பெக்கம் கார்னர், ஷெரிங்கம் தலை, சோல்ஷேர் கால். 2-1.

மத்தேயஸை எடுத்ததால்தான் தோற்றார்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. அவருக்கு அப்போது 38 வயது, கால் ஓய்ந்திருக்கும். களைத்த ஆளை மாற்றுவது தப்பே இல்லை. நான் கேட்பது வேறு: வெளியே போனவர் செய்துகொண்டிருந்த வேலைகளை யார் எடுத்துக்கொண்டார்? கார்னரில் அவர் நின்ற இடத்தில் யார் நின்றார்? உள்ளே வருகிறவனிடம் "நீ ரைட் சைடில் ஆடு" என்று மட்டும் சொல்லி அனுப்பும் கோச்கள் நம் பக்கத்தில் அதிகம். "கார்னர் வந்தால் அந்த ஒன்பதாம் நம்பர் உன் ஆள்" என்பதையும் சேர்த்துச் சொல்ல ஐந்து நொடி போதும்.

அப்புறம், எதிரணிக்கு கார்னர் கிடைத்திருக்கும்போது ஆள் மாற்றாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல வருடம் முன்பு உப்பளத்தில் நடந்த ஒரு மேட்ச்சில் இதே தப்பைச் செய்தேன். புதிதாகப் போனவன் யாரைப் பிடிப்பது என்று சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கோல் விழுந்துவிட்டது. அந்தப் பந்து வெளியே போகும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும்.

கேப்டன் என்ற முறையில் உனக்கும் ஒரு வேலை இருந்தது. புது ஆள் உள்ளே வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவன் இடத்தில் நிறுத்துவது. அதற்கு கோச்சின் உத்தரவு தேவையில்லை.

நான் கோல்கீப்பர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி அக்காவின் ஊர்தான் எனக்கும். சாயங்கால மேட்ச்சில் மட்டும் உயரமாக வரும் கார்னர் பந்தைத் தவறவிடுகிறேன், காலையில் சரியாகப் பிடிக்கிறேன். ஏன்?
*பிளஸ் டூ மாணவி, தேவனாம்பட்டினம்*

உன் கையில் கோளாறு இல்லை அம்மா, கடல்காற்று. நம் கரையில் மதியத்துக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து ஏறும். கோல் போஸ்ட்கள் வடக்கு தெற்காக இருக்கிற மைதானம் என்று வைத்துக்கொள். கடல் பக்கத்து மூலையிலிருந்து அடிக்கிற கார்னர் காற்றோடு போகும், நீ நினைத்ததைத் தாண்டி ஃபார் போஸ்ட்டில், அதாவது தூரத்துப் போஸ்ட்டில், விழும். எதிர் மூலையிலிருந்து வருவது காற்றை எதிர்த்து வருகிறது, நடுவானில் தயங்கி நியர் போஸ்ட்டுக்கு முன்னாலேயே இறங்கிவிடும். அதனால் கடல் பக்க கார்னருக்கு ஓரடி பின்னால் நில், எதிர்ப்பக்க கார்னருக்கு ஓரடி முன்னால் நில். வார்ம் அப்பில் இரண்டு மூலையிலிருந்தும் பத்துப் பத்துப் பந்து போடச் சொல்லிப் பார். அன்றைய காற்று உனக்குப் பிடிபட்டுவிடும்.

வெளியே வருவதென்று முடிவெடுத்தால் "கீப்பர்!" என்று கத்திக்கொண்டே வா. பாதி வழியில் மட்டும் நிற்காதே. கோல் லைனிலேயே நின்றிருந்தால்கூட அதைவிடத் தேவலை. கூட்டத்துக்குள் பிடிக்க முடியாது என்று தோன்றினால் இரண்டு முஷ்டியாலும் சைட் லைன் பக்கமாகக் குத்து, நடுவில் போடாதே.

பந்தைப் பிடித்த பிறகும் கவனம் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து விதி மாறியிருக்கிறது. எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் கொடுப்பார்கள். கடைசி ஐந்து நொடியை ரெஃபரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

கார்னருக்கு ஆஃப்சைட் உண்டா? போஸ்ட்டில் ஆள் நிறுத்தலாமா?
*நெல்லிக்குப்பம் வாசகர்*

கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைட் (பாஸ் வரும்போது, பந்தையும் எதிரணியின் கடைசி இரண்டாவது ஆளையும் தாண்டி கோலுக்கு அருகில் நிற்பது) கிடையாது. அடுத்த பாஸிலிருந்து உண்டு. அதனால் போஸ்ட்டில் ஆள் நிறுத்தலாம், ஆனால் பந்து வெளியே அடிக்கப்பட்டதும் அவன் ஓடி வெளியே வந்தாக வேண்டும். அங்கேயே நின்றால் எதிரணியில் யாருமே ஆஃப்சைட் ஆக மாட்டார்கள்.

ஃப்ரீ கிக்குக்கு வால் (ஆட்களை வரிசையாக நிறுத்தும் தடுப்புச் சுவர்) போடும்போது எத்தனை பேர்?
*முத்தியால்பேட்டை வாசகர்*

கோலுக்கு நேராக 20 மீட்டரில் என்றால் நான்கைந்து பேர். ஓரமாக என்றால் ஒருவரோ இருவரோ போதும். ஆனால் எண்ணிக்கையைவிட, வாலை யார் சரிசெய்வது என்பதுதான் முக்கியம். நம் ஊர் கோல்கீப்பர்கள் போஸ்ட்டைக் கட்டிக்கொண்டு "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். விசிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று ரெஃபரி சொல்லவில்லையென்றால், அந்த நேரத்திலேயே எதிரணி அடித்துவிடலாம். களத்தில் இருக்கும் ஒருவனுக்கே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

2019 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் பார்சிலோனாவுக்கு நடந்ததும் இப்படித்தான். முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்றிருந்த அணி, இரண்டாவதில் 0-3 என்று பின்தங்கியிருந்தது. 79வது நிமிடத்தில் லிவர்பூலுக்கு கார்னர். அலெக்ஸாண்டர் ஆர்னல்ட் பந்தை விட்டு நகர்வது போல இரண்டடி வைத்துவிட்டுச் சட்டென்று திரும்பி அடித்தார், ஒரிகி உள்ளே தட்டிவிட்டார். பார்சிலோனா டிஃபென்டர்கள் பந்தையே பார்க்கவில்லை. பந்து நின்றிருந்தாலும் ஒரு ஜோடிக் கண் அதன்மேல் இருக்க வேண்டும்.

என் மகனுக்கு 13 வயது. கார்னரில் அவன் பிடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டான், கோல் விழுந்தது. எல்லார் முன்னாலும் கோச் திட்டிவிட்டார். இப்போது பூட்ஸைத் தொடவே மாட்டேன் என்கிறான்.
*தந்தை, வில்லியனூர்*

ஐயா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. 13 வயதுப் பிள்ளையின் கண் பந்துக்குத்தான் போகும், அதுதான் இயல்பு. ஆளையும் பந்தையும் சேர்த்துப் பார்ப்பது பழக்கிக் கொடுக்க வேண்டிய ஒரு வித்தை. பழக்காமல் கேட்பது நியாயமில்லை. அணியின் மிக ஆபத்தான ஆளை அவனிடம் ஒப்படைத்ததே பெரியவர்கள் எடுத்த முடிவு. அதன் பழியைப் பிள்ளைமேல் போடக் கூடாது. "கோல் உன்னால் போகவில்லை" என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். கோச்சிடமும் தனியாகப் பேசுங்கள், கோபப்படாமல்.

அவன் மனசு ஆறியதும் வீட்டு வாசலிலேயே ஒரு சின்ன விளையாட்டு ஆடிப்பாருங்கள். அவன் உடலைப் பாதி திருப்பி நிற்கட்டும், ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் அவன் நண்பன். நண்பன் பந்தைத் தூக்கிப் போடுவான். அதே நேரம் நீங்கள் விரலைக் காட்ட வேண்டும். அவன் எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே பந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் கைகூடும். பிறகு நீங்கள் நடந்துகொண்டே காட்டுங்கள், அப்புறம் ஓடிக்கொண்டே. பூட்ஸ் வேண்டாம், செருப்பே போதும்.