நாட்டுப்புறப் பாட்டை இரண்டு பேர் சேர்ந்து கட்டும்போது, விஷயம் எங்கேயிருந்து கிடைக்கிறது?

அன்றாட வாழ்க்கையிலிருந்து பாட்டுக்கு விஷயம் எப்படிக் கிடைக்கிறது, அதிலும் கூட ஒருவர் இருந்தால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயத்துக்கு எனக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. கிடைத்த விஷயத்தை நான் எழுதிக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்கு அந்த ஆள் ஒரு அக்கா.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கிய நேரம். பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த நான் தொண்டனாகப் போய்ச் சேர்ந்தேன். ராத்திரி எட்டு மணிக்குத் தெருவிளக்கடியில் வகுப்பு. வந்தவர்களில் இந்த அக்காவும் ஒருவர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். நடவுக்குப் போனால் முன்பாட்டு பாடுகிறவர். மற்ற பெண்கள் பின்பாட்டு. எழுத்து அவருக்கு லேசில் ஒட்டவில்லை. 'ண'வும் 'ன'வும் எதற்கு இரண்டு என்று சண்டை பிடிப்பார். (நியாயமான சண்டைதான்.)

அந்த நாளில் இயக்கமே பாட்டில்தான் ஓடியது. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்கப் பரவியது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அதையெல்லாம் பார்த்து, நம் ஊருக்கும் ஒரு பாட்டு வேண்டாமா என்று எனக்கு ஆசை. தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். 'தாகம் தீர்க்கும் தண்ணீரே, தாயைப் போன்ற தண்ணீரே' என்று தொடங்கும். அக்கா முழுதாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"தண்ணிய எவ தம்பி தாயின்னு கூப்புடுறா? விடியக்காலம் நாலு மணிக்குக் கொடத்தத் தூக்கிட்டு நிக்கிறவ சனியன்னுதான் வைவா."

மறுநாள் விடியலில் என்னை அடிபம்புக்கு வரச் சொன்னார். போய் நின்றேன். கைப்பிடி கீழே இறங்கும்போது 'கொடக்' என்று ஒரு சத்தம், மேலே ஏறும்போது 'கீச்' என்று இன்னொன்று. எனக்கு அது துருப்பிடித்த இரும்பு. அவருக்கு அது தாளம். வரிசையில் நின்றவர்கள் பேசியதையெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். அவர் பம்பைப் பார்த்தபடி வாய்க்குள் தன்னானே போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளில் வந்தது இது:

அடி அடின்னு அடிச்சுப் பார்த்தேன்
அரைக்கொடந்தான் வந்துச்சு – அந்த
அரைக்கொடத்த இடுப்புல வச்சா
அடியில ஓட்ட இருந்துச்சு

இதில் என் பங்கு என்ன என்று கேட்டால், 'அடி' என்ற சொல்லை மூன்று விதமாக வைக்கலாம் என்று கண்டுபிடித்தது மட்டும்தான். குடத்தில் ஓட்டை என்பது வரிசையில் ஒரு பாட்டி தன் மருமகளைத் திட்டியது. மெட்டு பம்பினுடையது. ஆனால் அந்தப் பாட்டியின் திட்டும் பம்பின் சத்தமும் ஒரே இடத்தில் இருந்தும், நான் தனியாகப் போயிருந்தால் இரண்டையும் சேர்த்திருக்க மாட்டேன். என் காது சொல்லைப் பிடிக்கும். அவர் காது சத்தத்தைப் பிடிக்கும். ஒரே மாதிரிக் காது உள்ள இரண்டு பேர் சேர்ந்தால் அது கூட்டு ஆகாது, கூட்டம்தான்.

கவிஞர் இன்குலாப் எழுதியதை நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ. குணசேகரன் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனதை என் வயதுக்காரர்கள் கேட்டிருப்பீர்கள். அது மேடை அறிந்த கூட்டணி. எங்களுடையது நாலு ஊருக்கு மேல் யாருக்கும் தெரியாது. ஆனால் வேலை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: எழுதினவன் வாயில் ஒரு தடவை, பாடுகிறவர் வாயில் ஒரு தடவை என்று பாட்டு இரண்டு தடவை பிறக்க வேண்டும்.

இரண்டாவது பிறப்பு எனக்கு வலித்த கதையைச் சொல்கிறேன். என் வரிகள் நீளம். புத்தகம் படித்த பழக்கம். "இத்தன நீளத்தக் குனிஞ்சுக்கிட்டுப் பாடிப் பாரு தம்பி" என்று ஒரு நாள் வயலில் இறக்கிவிட்டார். நடவு பார்த்தவர்களுக்குத் தெரியும்: இடக்கையில் நாற்று முடி, வலக்கையால் பிரித்து ஊன்றி, அப்படியே பின்னால் ஒரு எட்டு. முழு நேரமும் குனிந்தே இருக்க வேண்டும். வயிறு மடங்கியிருப்பதால் மூச்சு பாதிதான் நிற்கும். என் வரியில் பாதி போவதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டுச் சிரித்தார்கள். வரப்பில் யாராவது வந்தால் நாற்று முடியைக் காலடியில் வைத்துக் காசு கேட்பது வழக்கம். என்னிடம் அன்று அதையும் வசூல் செய்தார்கள். நாட்டுப்புறப் பாட்டில் அடிகள் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் அந்த இருமல்தான். அதற்குப் பிறகு எந்த வரியையும் நான் குனிந்து பாடிப் பார்க்காமல் காட்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தோம். கட்டிய பாட்டை அன்று ராத்திரி எழுதி வைக்கக் கூடாது. மறுநாள் வேலைக்கு நடுவில் அக்காவுக்குத் தானாக ஞாபகம் வந்தால் அந்த வரி இருக்கும். வராவிட்டால் போகட்டும். என் நோட்டில் அழகாக இருந்த எத்தனையோ வரிகள் இப்படிப் போயின. இரண்டு மூன்று இன்றைக்கும் உறுத்துகிறது, என்ன செய்ய.

கைநாட்டைப் பற்றிய பாட்டு ஒரே ராத்திரியில் நின்றுவிட்டது. கல்வியின் மேன்மை என்று நான் எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா பேச்சுவாக்கில், கைநாட்டு வைத்த பிறகு விரலில் இருக்கும் மையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் எல்லாரும் தலைமுடியில்தான் தேய்ப்போம் என்றார்.

கட்டவெரல் மையத் தொட்டு
காகிதத்தில் வச்சேன் – மிச்சம்
ஒட்டுன மை போகலேன்னு
உச்சந்தலை தேச்சேன்

அதற்கு மேல் 'இப்போது படித்துவிட்டேன்' என்று ஒரு கண்ணி நான் சேர்த்தேன். அவர் பாடவே மாட்டேன் என்றுவிட்டார். "தலையில தேச்சேன்னு சொன்னதுமே கேக்கிறவளுக்குச் சுருக்குன்னு தச்சிருக்கும். நீ ஏன் மறுபடி குத்துற?"

சரி, நாங்கள் தப்புச் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு சாவு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்தவர் ஒப்பாரியில், வெற்றிலைப் பெட்டி மூடாமலே கிடக்கிறதே என்று அழுதார். அந்த ஒரு வார்த்தை எங்கள் இரண்டு பேரையும் பிடித்து ஆட்டிவிட்டது. ஆறு மாதம் கழித்து, பிழைக்க வெளியூர் போனவர்களைப் பற்றி ஒரு பாட்டு கட்டியபோது திறந்து கிடக்கும் வெற்றிலைப் பெட்டி அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கோயில் திருவிழாவில் பாடினோம். நல்ல கைதட்டல். அந்த அம்மாவின் மகள் கூட்டத்தில் இருந்திருக்கிறாள். எழுந்து போனதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்; காரணம் அப்போது புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு பாடாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒதுங்கிவிட்டார்.

மறுநாள் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். எனக்குப் பேச வாய் வரவில்லை. அக்காதான் கேட்டார். அந்த அம்மா வெகுநேரம் கழித்து, "பாட்டப் பாடிக்கங்க. பெட்டிய மட்டும் எடுத்துருங்க" என்றார். எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் எத்தனையோ வைத்துப் பார்த்தோம், எதுவும் சரியாக உட்காரவில்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டில் அந்த அடி நொண்டியடிக்கும். காதைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி உங்களுக்குப் பலரும் யோசனை சொல்லியிருப்பார்கள். காதில் விழுவதெல்லாம் நம்முடையது இல்லை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடிபம்பு வரிசையில் எறிந்த திட்டு ஊருக்குப் பொது. சாவு வீட்டு வார்த்தைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

ஏற்றம் போனதும் ஏற்றப்பாட்டு போனது, நடவு எந்திரம் வந்ததும் நடவுப்பாட்டு போகிறது, இனி விஷயத்துக்கு எங்கே போவது என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். வேலை போனால் அந்த வேலையின் மெட்டு போகும் என்பது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் பெண்கள் நாலு பேர் சேர்ந்து காத்துக் கிடக்கிற இடம் எங்கேயாவது இருந்துகொண்டேதான் இருக்கிறது. ரேஷன் கடை, மகளிர் குழுக் கூட்டம், மினி பஸ் நிறுத்தம்.

நான் இப்போது திருச்சியில் இருக்கிறேன். அக்காவுக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது. பேத்தி செல்போனைப் பிடித்துக்கொள்ள, பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நூறு நாள் வேலையில் 2023-லிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் பிடித்து வருகைப் பதிவு எடுத்தார்கள் அல்லவா, அதைப் பற்றி ஒரு அடி அனுப்பியிருந்தார். வெயிலில் மண் வெட்டி முடிக்கும்போது முகம் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறார்:

காலப் படத்துல நானிருக்கேன்
மத்தியானப் படத்துல யாரோ

பின்னால் பேத்தி சிரிப்பது கேட்கிறது. "மிச்சத்த நீ பாரு தம்பி" என்று முடித்திருக்கிறார். இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி ஒன்று அமைந்த மாதிரி இருந்தது. காலையில் எழுந்தால் ஞாபகம் இல்லை.