கையுறையை விடுங்கள், பிரேக்கரில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: கடலூர் முதுநகரில் ஐஸ் பிளாண்ட் நடத்துகிறேன். 2024 அக்டோபரில் கம்ப்ரசர் டிரிப் ஆனது. காண்ட்ராக்டர் அனுப்பிய 35 வயது எலக்ட்ரீஷியன் மெயின் பேனலில் பிரேக்கரை மறுபடி போட்டதும் பிளாஷ் அடித்து வெடித்தது. அவருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது, முகத்திலும் தீக்காயம். கையுறை போடச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு 1.80 லட்சம் நான்தான் கட்டினேன். நன்றியில்லாமல் இப்போது என் மீதே பழி போடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 2 லட்சம் கொடுத்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது ஐயா. நன்றி, பழி இதெல்லாம் உங்கள் மனக்குறை; வழக்கில் அதற்கு இடமில்லை.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: '2022-ல் 250 கேவிஏ டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு 500 போட்டோம்.' (கேவிஏ என்பது டிரான்ஸ்பார்மரின் திறன் அளவு.) வழக்கே அந்த வரிதான். நீங்கள் அனுப்பிய போட்டோவில், கருகிய பிரேக்கரின் ஓரத்தில் '10 கேஏ' என்பது இன்னும் தெரிகிறது; அதாவது ஷார்ட் ஆனால் 10,000 ஆம்பியர் வரைதான் அது பத்திரமாகத் துண்டிக்கும். டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் (உள் மின்தடை) 4.5 சதவீதம் என்று வைத்தால், 250 கேவிஏவில் ஷார்ட் ஆகும்போது சுமார் 7,400 ஆம்பியர் பாயும். அந்த பிரேக்கர் தாங்கும். 500-ல் அது சுமார் 14,800. தாங்காது, அதுவே வெடிக்கும். டிரான்ஸ்பார்மரை மாற்றியவர்கள் பேனலைத் தொடவில்லை. ரப்பர் கையுறை ஷாக்கைத் தடுக்கும், இந்த நெருப்பைத் தடுக்காது. இழப்பீட்டிலிருந்து தப்ப, விபத்து கையுறை போடாததால்தான் நேர்ந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அந்த போட்டோ இருக்கும்வரை அது நடக்காது.

காண்ட்ராக்டரின் ஆள் என்பதும் உதவாது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 (விபத்து நடந்த தேதிக்கு அதுதான் சட்டம்), பிரிவு 12-ன்படி, உங்கள் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலை என்றால் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலிக்கலாம். ஐஸ் பிளாண்டில் பேனல் பராமரிப்பு அப்படிப்பட்ட வேலை இல்லை என்று ஆணையரை (இந்தச் சட்டப்படி இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரி) நம்பவைப்பது கடினம். அந்த எலக்ட்ரீஷியன் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் மட்டும் கணக்கே மாறும். காண்ட்ராக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

அப்புறம் அந்த முத்திரைத்தாள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்து, கைநாட்டும் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, பீரோவில் பூட்டி வைத்தார். பதினோரு மாதம் கழித்து ஆணையரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. கட்சிக்காரர் கொண்டுவந்த தாளைப் பார்த்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் பிரிவு 17-ன்படி செல்லாது. ஆணையரிடம் பதிவு செய்யாத ஒப்பந்தம் என்றால் பிரிவு 29 வரும்: முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும், இழப்பீடாகக் கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது, ஆணையராகப் பார்த்து வேறுவிதமாகச் சொன்னால் தவிர. 2 லட்சம் கொடுத்தால் 1 லட்சம்தான் கணக்கில் வரும். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 1.80 லட்சம் அதில் சேராது; சிகிச்சைச் செலவை இழப்பீடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கு இதோ. எலக்ட்ரீஷியனின் மாதச் சம்பளம் 18,000 என்றாலும், இழப்பீட்டுக் கணக்குக்கு விபத்து நடந்தபோது இருந்த உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்கான காரணி (சட்ட அட்டவணையில் வயதுக்கேற்ற பெருக்கும் எண்) 197.06. ஒரு கையில் மூன்று விரல் இழப்புக்கு அட்டவணைப்படி 30 சதவீதம். மொத்தம் 5,32,062 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். முகத்தில் பட்ட தீக்காயத்தையும் டாக்டர் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும்.

அதனால் சமாதானமாகப் போங்கள். ஆனால் 2 லட்சத்துக்கு அல்ல. இந்தத் தொகையை ஒட்டி, எழுத்தில், ஆணையர் முன்னால் பதிவு செய்து. குறைவாக எழுதினால் அவர் பதிவு செய்யவே மறுக்கலாம். வழக்காடினால் அந்த 10 கேஏ எண் வெளியே வரும். அலட்சியத்தால் கொடுங்காயம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 125-ன்கீழ் போலீஸ் கேஸ் ஆனால் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு.

மின் ஆய்வாளருக்கு 48 மணி நேரத்தில் எழுத்தில் அறிக்கை போயிருக்க வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகவில்லை என்றால் தாமதத்துக்கான காரணத்தோடு இன்றைக்கே அனுப்புங்கள். பழைய பிரேக்கரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். மற்ற பிரேக்கர்களின் எண்களையும் நாளைக் காலையிலேயே பாருங்கள். அந்த பேனல் முன்னால் இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார்.