ரிசர்வ் பென்ஷனும் ராத்திரிப் படிப்பும் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் படையான ஆர்மி ரிசர்வில் இருந்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இன்று எழுதுவது எங்கள் வீட்டு விஷயம். என் கணவர் 2013 ஆகஸ்டில், தமிழ் தெரிந்தவர் என்ற தகுதியில், வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் மாவ்னி திட்டத்தின் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். நான்கு வருஷம் முழுநேர வேலை. அப்புறம் ஆறு வருஷம் ரிசர்வில் மாதாந்திர டிரில், அதாவது வார இறுதிப் பயிற்சி. இரண்டாவது குழந்தை பிறந்ததும், 2023-ல், யூனிட்டை விட்டு ஐ.ஆர்.ஆர். பட்டியலுக்கு (டிரில் இல்லாமல், தேவைப்பட்டால் மட்டும் அழைக்கப்படுபவர்கள் பட்டியல்) மாறிக்கொண்டார். இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தோம்.

இப்போது கொஞ்ச நாளாக, பிள்ளைகள் தூங்கியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ராணுவத்தின் அஞ்சல்வழிப் பாடங்களைப் படிக்கிறார். மூன்று மணி நேரப் பாடத்துக்கு பென்ஷனில் ஒரு புள்ளியாம். ஒரு புள்ளிக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். மாதம் முப்பத்தைந்து சென்ட் என்றார், அதுவும் அறுபது வயதுக்கு மேல்! இப்போது அவருக்கு நாற்பத்தொன்று. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

சுமதி, சான் அன்டோனியோ

அன்புள்ள சுமதி,

உங்கள் கணவர் சொன்ன முப்பத்தைந்து சென்ட் சரியான கணக்குதான். ஆனால் அவர் உங்களுக்கு அந்தக் கணக்கைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ராத்திரிப் படிப்பில் கிடைப்பது சென்ட் அல்ல, வருஷம். அதைச் சொல்லாமல் காசை மட்டும் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும்.

ரிசர்வ் பென்ஷனுக்கு இருபது வருஷம் வேண்டும். நாள்காட்டி வருஷம் இல்லை, 'குட் இயர்' என்று ரிசர்வில் எல்லோரும் சொல்லும் வருஷம். ஒரு வருஷத்தில் குறைந்தது 50 புள்ளி சேர்ந்தால்தான் அது குட் இயர். படையில் பெயர் இருப்பதற்கே வருஷத்துக்கு 15 புள்ளி தருகிறார்கள். முழுநேரப் பணியில் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. டிரிலில் நான்கு மணி நேர அமர்வுக்கு ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டுவரை. யூனிட்டில் இருப்பவருக்கு வருஷத்துக்கு 48 டிரில், 14 நாள் பயிற்சி, இந்த 15 எல்லாம் சேர்ந்து 77 வந்துவிடும். ஐம்பதைப் பற்றி அவர் யோசிக்கவே வேண்டாம்.

ஐ.ஆர்.ஆர். பட்டியலில் இருப்பவருக்கு டிரில் கிடையாது. சும்மா இருந்தால் அந்த 15 மட்டும்தான். புள்ளிகள் கணக்கில் ஏறும், ஆனால் வருஷம் ஏறாது. கல்லூரியில் வருகைப் பதிவு 74 சதவீதம் இருந்து பரீட்சைக்கு உட்கார முடியாமல் போன பையன்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரிதான் இதுவும். நீங்கள் நிம்மதியாக இருந்ததாகச் சொல்லும் இரண்டு வருஷமும் பென்ஷன் கணக்கில் சைபர். அவர் இதை இப்போதுதான் கவனித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பதினைந்துக்கு மேல் அவருக்குத் தேவை 35 புள்ளி. புள்ளிக்கு மூன்று மணி வீதம் 105 மணி நேரப் பாடம். அதைத்தான் ராத்திரியில் படிக்கிறார்.

இனி காசுக்கு வருவோம். மொத்தப் புள்ளிகளை 360-ஆல் வகுத்தால் சமமான முழுநேர வருஷங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வருஷத்துக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 2.5 சதவீதம் பென்ஷன். (2018-ல் வந்த புதிய கலப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு அவர் மாறியிருந்தால் 2 சதவீதம். கேட்டுக்கொள்ளுங்கள்.) கணக்கு எளிதாக இருக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நான்கு முழுநேர வருஷத்துக்கு 1,461 புள்ளி. ரிசர்வில் ஆறு வருஷம், 462. வீணான இரண்டு வருஷத்தில் 30. இனி பத்து குட் இயர் வேண்டும். அந்தப் பத்தையும் யூனிட்டில் டிரில் செய்து முடித்தால் மொத்தம் 2,723 புள்ளி, மாதம் சுமார் 945 டாலர் பென்ஷன். பத்தையும் வெறும் ஐம்பது ஐம்பதாக ஒப்பேற்றினால் 2,453 புள்ளி, சுமார் 850 டாலர். இரண்டுக்கும் வித்தியாசம் நூறு டாலருக்கும் உள்ளேதான். ஆனால் பத்தொன்பது குட் இயரோடு நின்றுபோனால்? ஒன்றும் கிடையாது. நான்கு வருஷம் முழுநேரமாக உழைத்த அந்த 1,461 புள்ளியும் சேர்ந்து போகும்.

அறுபது வயதில் பென்ஷனோடு ட்ரைகேர் மருத்துவக் காப்பீடும் வருகிறது, மனைவிக்கும் சேர்த்து. அமெரிக்காவில் அறுபதிலிருந்து, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வரும் அறுபத்தைந்துவரை மருத்துவச் செலவு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பென்ஷன் தொகையைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நான் யூனிட் அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்க்கும் வேலை செய்தபோது இந்தப் புள்ளிப் பட்டியல்கள் தினமும் கையில் வரும். வருஷத்துக்கு ஒரு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, டிரில் எவ்வளவு, உறுப்பினர் புள்ளி (அந்த 15), பாடப் புள்ளி, முழுநேர நாள்கள், மொத்தம், கடைசியில் அந்த வருஷம் தேறியதா இல்லையா. ஒரு சார்ஜென்டின் பட்டியலில் ஒரு வரியில் மொத்தம் 48 என்று இருந்தது. இரண்டு புள்ளி குறைவு. ஆறு மணி நேரப் பாடம் அல்லது ஒரே ஒரு சனிக்கிழமை டிரில் போதும், அந்த வருஷம் தேறியிருக்கும். அவர் அதைப் பார்த்தபோது வருஷம் முடிந்து வெகு நாள் ஆகியிருந்தது. பின்னால் போய்ப் படித்து அந்த வரியை நிரப்ப முடியாது. இருபதை எட்ட அவர் இன்னொரு முழு வருஷம் இருக்க வேண்டி வந்தது.

இந்தப் பாடங்கள் எப்படி பென்ஷன் கணக்குக்குள் வந்தன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ரிசர்வ் வீரர்களுக்கான இந்த ஓய்வூதிய ஏற்பாடு 1948 ஜூன் 29-ஆம் தேதிச் சட்டத்தில் உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களை, தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும்படி தொடர்பில் வைத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா ஊரிலும் யூனிட் இருக்காது. பக்கத்தில் யூனிட் இல்லாதவனும் தன் தொழிலை மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் தபால்தான் வழி. தபால் படிப்பு அதற்கு முன்பே ராணுவத்தில் இருந்தது. மரைன் படைக்கு 1920 முதலே தனிக் கல்வி நிலையம் உண்டு, 2015-ல்தான் மூடினார்கள். விமானப் படை 1950-ல் அலபாமாவில் உள்ள கன்டரில் ஒன்றைத் தொடங்கியது. புத்தகம் தபாலில் வரும், படித்து, விடைத்தாளை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். இப்போது எல்லாம் திரைக்கு வந்துவிட்டது.

பழைய ஆட்கள் "கோர்ஸ் பண்ணியெல்லாம் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று சொல்வார்கள். உங்கள் கணவரிடமும் யாராவது சொல்லியிருக்கலாம். அவர்கள் காலத்துக்கு அது உண்மைதான். முழுநேர நாள்களைத் தவிர்த்து டிரில், உறுப்பினர், பாடப் புள்ளிகளில் வருஷத்துக்கு 60 மட்டுமே பென்ஷன் தொகைக்குச் சேரும் என்று முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது. ஒழுங்காக டிரிலுக்குப் போனவனுக்கு 48-ம் 15-ம் சேர்ந்தாலே 63, அதிலேயே மூன்று கழிந்துவிடும். அவன் எத்தனை பாடம் படித்தாலும் ஒரு சென்ட்கூட ஏறாது. அந்த வரம்பு 1996-ல் 75 ஆனது, 2000-இல் 90, 2007 அக்டோபர் 30 முதல் 130. இன்றைக்கு யூனிட்டில் இருப்பவரும் பாடம் படித்துக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அன்றும் சரி, இன்றும் சரி, இதனால் உண்மையாகப் பிழைப்பவர்கள் ஐ.ஆர்.ஆர். பட்டியலில் இருப்பவர்கள்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். இந்த வருஷத்துக்கு 35 புள்ளி வரும்வரை அவர் படிக்கட்டும், நீங்களும் விட்டுக்கொடுங்கள். முப்பத்தைந்தைத் தாண்டியபின் அந்த வருஷம் முழுக்க அவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். அதற்கு மேல் படிப்பது நீங்கள் சொன்ன சென்ட் கணக்குதான், அங்கே உங்கள் கோபம் நியாயம். அந்த ராத்திரிகள் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் உரியவை.

அவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளி கணக்கிடும் வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை. அவர் படையில் சேர்ந்த தேதியிலிருந்து ஓடுகிறது. இடையில் விலகாமல் முழுநேரத்திலிருந்து ரிசர்வுக்கு மாறியவர் என்பதால் அவருக்கு ஆகஸ்டிலிருந்து ஆகஸ்ட். பாடத்தை முடித்த தேதி ஆகஸ்ட் எல்லையை ஒரு நாள் தாண்டினாலும் புள்ளி அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். பாதியில் நிற்கும் பாடத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே மே மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, ஏறாத புள்ளியைக் கேட்டுப் போராட அவகாசம் வேண்டும். கணினியில் செய்யும் எல்லாப் பயிற்சிக்கும் புள்ளி கிடையாது. மூன்று மணிக்கு ஒன்று என்பது அஞ்சல்வழிப் பாடக் கணக்கு. சேரும் முன்பே அந்தப் பாடத்துக்கு எத்தனை மணி, எத்தனை புள்ளி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். முடித்த சான்றிதழை அச்செடுத்து வீட்டில் ஒரு கோப்பில் வைக்க வேண்டும். கணினியில் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

விடைகளை யாரிடமாவது வாங்கி எழுதலாம் என்ற யோசனையும் சுற்றிவரும். ஆர்மி பாடங்களின் விடைகள் இணையத்தில் பரவுவதைப் பற்றி 2007 இறுதியில் பாஸ்டன் குளோப் பெரிதாக எழுதியது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஐம்பது வயதுவாக்கில் உறுதியாக வேண்டிய பென்ஷன் உரிமையை ஒரு விசாரணையில் இழப்பதற்கா இவ்வளவு பாடு?

பத்து வருஷத்தையும் பாடத்தாலேயே ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடம் ஒரு வருஷத்தையோ இரண்டு வருஷத்தையோ காப்பாற்றும். பதவி உயர்வு தராது, பதவி உயராவிட்டால் அந்த 5,000 டாலர் அடிப்படைச் சம்பளமும் வராது. சின்னவன் கொஞ்சம் வளர்ந்ததும் அவர் யூனிட்டுக்குத் திரும்புவதுதான் வழி. அதுவரை, பக்கத்தில் உள்ள ஏதாவது யூனிட்டோடு இணைந்து சம்பளமில்லாமல் புள்ளிக்காக மட்டும் டிரில் செய்யவும் ஐ.ஆர்.ஆர். வீரருக்கு வழி உண்டு. ஒரு வார இறுதிக்கு நான்கு புள்ளி. ஒன்பது வார இறுதி போனால் 36. ராத்திரியில் 105 மணி நேரமா, பகலில் ஒன்பது வார இறுதியா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம், பாதிப் பாதியும் ஆகும். அவருடைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் பாருங்கள். முதல் எட்டு வருஷக் கடமை 2021-லேயே முடிந்திருக்கும், அதன்பின் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தீர்ந்து விடுவிக்கப்பட்டால் எந்தப் பாடமும் உதவாது.

2008 ஜனவரி 28-க்குப் பிறகு செய்த பணிக்கு, தொண்ணூறு நாளுக்கு மூன்று மாதம் வீதம், அறுபதுக்கு முன்பே பென்ஷன் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது ரிசர்விலிருந்து அழைக்கப்பட்டுச் செய்யும் பணிக்கு. உங்கள் கணவரின் நான்கு முழுநேர வருஷம் அதில் சேராது.

கடைசியாக உங்களுக்கு நேராக ஒரு விஷயம். இருபது குட் இயர் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும், இருபது வருஷக் கடிதம் என்பார்கள். அது வந்த 90 நாளுக்குள், அவர் அறுபதுக்கு முன்போ பின்போ இறந்தால் மனைவிக்குப் பென்ஷனில் பங்கு போக வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். முழுப் பங்கைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவருடைய புள்ளிப் பட்டியலை இப்போதே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாக 2017-ல் முழுநேரத்திலிருந்து ரிசர்வுக்கு மாறிய வரியை. விடுபடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சமூகப் பாதுகாப்பு எண்ணை அழித்துவிட்டு எனக்கு அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.