தொப்பூரில் திணறும் அம்பாசிடருக்குப் புது இன்ஜின் தேவையா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா வாங்கிய 1986 அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போய்விடுகிறது. திரும்பி ஏறும்போது தண்ணீர் கொதிக்கிறது. வேறு காரின் இன்ஜினைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?"

மாற்றாதீர்கள். உங்கள் 1489 சிசி இன்ஜின் ஒழுங்காக இருந்தால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏறிவிடும். நிற்கவே சிரமப்படும் வண்டிக்கு இழுவையைக் கூட்டுவது ஆபத்து. தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

முதல் செலவு பிரேக்குக்குத்தான். நாலு சக்கரத்திலும் மூடிய டிரம் பிரேக் என்பதால் தொடர்ந்து மிதித்தால் சூடு உள்ளேயே தேங்கும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் டிரம்மில் உரசி நிறுத்தும் லைனிங் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 3 என்ற ரகத்தில் புது ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 140 வரை இறங்கிவிடும். ஆவிக்குமிழ் வந்துவிட்டால் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள். டிரம்மைக் கழற்றும்போது பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஓரத்து ரப்பரை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கசிகிறது என்று அர்த்தம். நாலு சக்கரத்துக்கும் அந்த ரப்பர் கிட்டை மாற்றிவிடுங்கள்.

கையில் பணம் இருந்தால் பிந்தைய அம்பாசிடர்களில் வந்த முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரையும் பொருத்தலாம். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் அதோடு சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். எது இருந்தாலும் இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள், நியூட்ரலில் மட்டும் விடவே விடாதீர்கள்.

தண்ணீர் கொதிப்பதற்கு நம் ஊர்த் தண்ணீரே பெரிய காரணம். அண்டாவில் வெள்ளையாகப் படிகிற அதே போர் தண்ணீர்தான் பல வருடமாக ரேடியேட்டருக்குள்ளும் போயிருக்கும். இன்ஜின் சூடானதும் நிறுத்திவிட்டு, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டரின் முன்பக்கத்தில் உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டே நகர்த்துங்கள். எங்கே அனல் அடிக்கவில்லையோ அங்கே குழாய் அடைத்திருக்கிறது. பழைய பித்தளை ரேடியேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல ரேடியேட்டர் கடையில் குழாய்கள் இருக்கும் நடுப்பகுதியான கோர் மட்டும் மாற்றித் தருவார்கள், எங்காவது கசிந்தால் ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளவும் முடியும். அப்புறம் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான், போர் தண்ணீர் ஒரு சொம்புகூட வேண்டாம். சூடாகிறதே என்று, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் தேய்மானம்தான் கூடும்.

இரவில் ஓட்டுவதென்றால் ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள், அது பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கும். பழைய சுவிட்ச் வழியே வோல்ட்டேஜ் வீணாகாது, அதே பல்பு பளிச்சென்று எரியும்.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டு. 2000-க்குப் பிறகு பெட்ரோலில் ஈயம் கிடையாது. வால்வு வந்து உட்காரும் பழைய வால்வு சீட்டுகளோ அந்த ஈயத்தை நம்பி வந்தவை. எக்ஸாஸ்ட் வால்வுக்கு விடும் டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது. எப்படியும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலை வரும், அப்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃபிரமையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். காலையில் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும்வரை சாவியைத் திருப்பாதீர்கள்.